மேசாக்கின் கடைவாய்ப்பல்

மோலோ மலையில் ஓர்பா லியுனோகாஸை எல்லோரும் பல் சிஸ்டர் என்றுதான் சொல்வார்கள். ஓர்பா வீடு எது என்று சந்தையில் கேட்டால் இரண்டு பேரையாவது விசாரிக்க வேண்டியிருக்கும். பல் சிஸ்டர் வீடு என்று கேட்டால் அப்போதுதான் நடக்கப் பழகிய குழந்தைகூடக் கைகாட்டும். சுகாதார நிலையத்தில் இருபத்திரண்டு வருடமாகப் பல் பிரிவை அவள் ஒருத்தியே பார்த்து வந்தாள். பல் டாக்டரைப் பார்க்க சோயே நகரத்துக்கு இறங்க வேண்டும். ஈறு வைத்தியத்துக்கென்றே படித்த டாக்டர் வேண்டுமென்றால் அங்கிருந்து இன்னும் மூன்று மணி நேரம் பஸ்ஸில் உட்கார்ந்து கூப்பாங் போக வேண்டும். அதனால் மலைக்காரர்கள் எல்லோரும் முதலில் வாயைத் திறந்து காட்டியது ஓர்பாவிடம்தான்.

திறந்த வாய்களில் பாதிக்குமேல் சிவப்பு. அங்கே வெற்றிலையை இலையாகப் போடுவதைவிட அதன் காயைக் கடிப்பதுதான் வழக்கம். நீளமாகப் பச்சைப் புழு போலிருக்கும் காய், ஒரு துண்டுப் பாக்கு, விரல் நுனியில் சுண்ணாம்பு. எதிரே வருபவருக்குத் தோளில் தொங்கும் பையை நீட்டிய பிறகுதான் பேச்சே ஆரம்பிக்கும். வருடக்கணக்கில் மென்று மென்று பல்லின் அடியில் காரை கறுப்பாகப் படிந்து, ஈறு மெல்ல மெல்லக் கீழே இறங்கிவிடும். பல் என்னவோ முழுசாகத்தான் நிற்கும். சொத்தை இருக்காது, வலியும் இருக்காது. அதுதான் ஓர்பாவுக்குப் பெரிய தொல்லை.

வருகிறவர்களுக்கு அவள் பொறுமையாக எடுத்துச் சொல்வாள். முன்பல்லுக்கு ஒற்றை வேர், முளைக்குச்சி மாதிரி. கடைவாய்ப்பல் அப்படியில்லை, அதற்குக் கால்கள் உண்டு. கீழே இருப்பதற்கு இரண்டு கால், மேலே இருப்பதற்கு மூன்று. ஈறு கெட்டால் உள்ளே எலும்பு கரையும். எலும்பு கரைந்தால் கால்களுக்கு நடுவே சந்து விழும். அந்தச் சந்துக்குள் பிரஷ் போகாது, நாக்கும் போகாது, அழுக்கு மட்டும் போய்க்கொண்டே இருக்கும்.

அந்தச் சந்து எவ்வளவு ஆழம் என்று பார்ப்பதற்கு அவளிடம் வளைந்த கொக்கி ஒன்று இருந்தது. ஈறோரமாக அதை நுழைப்பாள். கொஞ்சம் போய் முட்டி நின்றால் அவள் முகம் தெளிந்துவிடும். சுத்தம் செய்து காப்பாற்றிவிடலாம். பாதி தூரம் போனால் யோசிப்பாள். கன்னத்துப் பக்கம் நுழைந்த கொக்கி நாக்குப் பக்கம் தலைநீட்டினால் பேச்சில்லாமல் கூப்பாங்குக்குக் கடிதம் எழுதிக் கொடுப்பாள். கடிதம் வாங்கியவர்களில் பத்துக்கு ஒருவர் போனால் அதிகம். மற்றவர்கள் ஒன்றிரண்டு வருடம் கழித்து, விரலால் தொட்டாலே ஆடுகிற பல்லோடு திரும்பி வருவார்கள். அவள் அதை எடுத்துவிட்டுப் பஞ்சைக் கடிக்கச் சொல்வாள்.

அவள் கணவன் மேசாக் தாநெயோ மாட்டுத் தரகன். செவ்வாய்க்கிழமைச் சந்தையில் அவன் இல்லாமல் பெரிய வியாபாரம் படியாது. மாட்டின் கீழுதட்டைப் பிடித்து இறக்கி, ஒரே பார்வையில் வயதைச் சொல்லிவிடுவான். விற்பவர் என்ன வயது சொன்னாலும் மேசாக் சொன்ன வயதுதான் நிற்கும். நல்ல பேச்சுக்காரன், சிரிக்கச் சிரிக்கப் பேசியே இரண்டு தரப்பையும் ஒரே விலைக்குக் கொண்டுவந்துவிடுவான். பேச்சு நீள நீள வாயில் பாக்கும் ஊறிக்கொண்டிருக்கும்.

கல்யாணமான புதிதில் ஒருநாள் ஓர்பா அவன் பல்லைப் பார்க்க வேண்டும் என்று கேட்டாள். அவன் உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு தலையாட்டினான்.

"வாயைப் பொளந்து பாக்கறது மாட்டுக்குத்தான். என்னை விக்கலாம்னு இருக்கியா?"

அவளும் சிரித்துவிட்டாள். அதற்குப் பிறகு எப்போதாவது கேட்டிருக்கிறாள். அவனும் எப்போதும் அதையேதான் சொன்னான். பகல் முழுக்க ஊர் வாயெல்லாம் பார்த்துவிட்டு வருகிறவளுக்கு, வீட்டில் ஒரு வாயாவது பார்க்க வேண்டாம் என்றிருந்தது நிம்மதியாகக்கூட இருந்தது. பின்னால் அந்த நிம்மதியை நினைத்தபோதெல்லாம் அவள் தன்னையே திட்டிக்கொண்டாள்.

அவனுக்கு ஐம்பத்தொரு வயதாகும்போது சாப்பாட்டில் மாற்றம் தெரிந்தது. சோளமும் பயறும் குழைத்த கஞ்சியை ஒரு பக்கமாகவே ஒதுக்கித் தின்றான். புகைபோட்ட மாட்டுக்கறி என்றால் தட்டை வழித்துத் தின்கிறவன், இரண்டு துண்டு கடித்துவிட்டு மிச்சத்தை நாய்க்குப் போட்டான். கேட்டால், இந்த வருடம் அறுக்கிற மாடெல்லாம் கிழடு, கறி ரப்பராக இருக்கிறது என்றான். ஓர்பாவும் ஆமாம் என்றாள். உடம்பும் இளைத்திருந்தது. குடம் குடமாகத் தண்ணீர் குடித்தான், அடிக்கடி கொல்லைப் பக்கம் போய் வந்தான். சந்தைக்குச் சந்தை அலைகிற உடம்பு, அப்படித்தான் இருக்கும் என்று நினைத்தாள். யாராவது நோயாளி வந்து இதே நான்கு விஷயத்தைச் சொல்லியிருந்தால் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பாள். வீட்டுக்குள் நடந்ததால் அவளுக்கு அது உறைக்கவில்லை.

அவர்களுக்கு ஒரே மகள், டெல்சி. கூப்பாங்கில் ஒரு மருந்துக்கடையில் வேலை. அந்த வருடம் ஈஸ்டருக்கு வீட்டுக்கு வந்தாள். வாசலிலேயே ஓடிவந்து அப்பாவின் மூக்கோடு மூக்கு வைத்தாள். அங்கே வந்தவர்களையும் போகிறவர்களையும் அப்படித்தான் வரவேற்பார்கள், வழியனுப்புவார்கள். மூக்கு தொட்டதுமே அவள் முகம் ஒரு விரற்கடை பின்னுக்குப் போனது. உடனே சமாளித்துக்கொண்டு மறுபடி வைத்தாள். ஆனால் மேசாக் பார்த்துவிட்டான். அன்று முழுக்க அவன் மகளிடம் பேசும்போது முகத்தைச் சற்றுத் திருப்பியே வைத்துக்கொண்டான்.

மறுநாள் கோயிலிலிருந்து வந்ததும், உடை மாற்றாமல், அடுக்களை வாசலில் நாற்காலியைப் போட்டு வெயிலைப் பார்த்து உட்கார்ந்தான்.

"டெல்சியம்மா, உன் கொக்கியை எடுத்துட்டு வா."

ஓர்பா நிலையத்துக்குப் போய்க் கழுவி வைத்திருந்த சாமான்களை எடுத்து வந்தாள். அவன் தலையைப் பின்னால் சாய்த்து, வெயில் உள்ளே விழும்படி பிடித்தாள். இருபத்தி நாலு வருடம் கூட வாழ்ந்த மனுஷனின் வாய்க்குள் அப்போதுதான் முதல்முறையாகப் பார்த்தாள்.

கீழே வலது பக்கம் முதல் கடைவாய்ப்பல். கொக்கியை வைத்ததுமே அவள் கை அறிந்துகொண்டது. எங்கும் முட்டாமல் வழுக்கிக்கொண்டு போய் நாக்குப் பக்கம் நுனி எட்டிப் பார்த்தது. அதற்குப் பின்னாலிருந்த பல்லை விரலால் தொட்டாள், ஆடியது. ஈறை அழுத்தியதும் சீழ் வந்தது. மேலே இடது பக்கம் இரண்டு கடைவாய்ப்பல். மூன்று கால் என்றால் சந்தும் மூன்று. மூன்று சந்திலும் கொக்கி தங்குதடையில்லாமல் போனது. மேலே வலதிலும் கீழே இடதிலும் மிச்சமிருந்த ஒற்றைக் கடைவாய்ப்பல்லில் மட்டும் கொஞ்சம் நுழைந்து முட்டி நின்றது. அந்த முட்டலில் அவளுக்கு மூச்சு வந்தது.

"எத்தனை நாளா இப்படி இருக்கு?" என்று கேட்டாள்.

"வலிக்கலையே, எனக்கென்ன தெரியும்" என்றான்.

இதே பேச்சை அவள் ஆயிரம் பேர் வாயால் கேட்டிருக்கிறாள். ஒவ்வொரு முறையும் திட்டியிருக்கிறாள். இப்போது கொக்கியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அவள் திட்டாததைப் பார்த்து அவனுக்கே சங்கடமாகிவிட்டது.

"மாடா இருந்தா என்ன வயசு சொல்லுவே?"

"மாடா இருந்தா நீங்களே வாங்க மாட்டீங்க, டெல்சியப்பா."

இந்த முறை கடிதம் எழுதியதோடு நிற்காமல் கூடவே கிளம்பினாள். கூப்பாங்கில் ஈறு வைத்தியம் பார்த்த டாக்டர் பெயர் சுவாந்தேவி. பாலித் தீவுக்காரர், நாற்பது வயதிருக்கும், அதிர்ந்து பேசத் தெரியாதவர். வந்தவள் பல் நர்ஸ் என்று தெரிந்ததும் எக்ஸ்ரே திரையை அவள் பக்கம் திருப்பிவைத்தார். கொக்கி சொன்னதைத்தான் படமும் சொன்னது. பல்லின் கால்களுக்கு நடுவே வெள்ளையாக எலும்பு தெரிய வேண்டிய இடம் கறுத்துக் கிடந்தது.

டாக்டர் அதோடு விடவில்லை. ஈறில் இத்தனை சீழ் ஏன் என்று சொல்லிக்கொண்டே, விரலைக் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுக்கச் சொன்னார். சர்க்கரை முந்நூற்றுப் பன்னிரண்டு.

ஓர்பா தலைகுனிந்து உட்கார்ந்திருந்தாள். அவள் வேலை பார்க்கும் அறைக்கு அடுத்த அறையில்தான் தினமும் சர்க்கரை பார்க்கிறார்கள். கணவனைக் கையைப் பிடித்துப் பத்து அடி நடத்திக் கூட்டிப்போயிருந்தால் போதும். டாக்டர் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூடத் தேவலையாக இருந்திருக்கும்.

எந்தப் பல்லை என்ன செய்யலாம் என்று டாக்டர் ஒவ்வொன்றாகச் சொன்னார். மேல் இடது இரண்டையும், கீழ் வலதில் ஆடுகிறதையும் எடுத்துவிட வேண்டும். கொக்கி கொஞ்சமே நுழைந்த இரண்டையும் ஆழமாகச் சுத்தம் செய்து கண்காணிக்கலாம். அந்தக் கீழ் வலது முதல் பல்தான் யோசிக்க வேண்டியது.

"இதுல பின்னால வேர் போயிடுச்சு. முன்னால வேர் எலும்புக்குள்ள நல்லா நிக்குது, பாருங்க. சர்க்கரை அடங்கி, ஈறும் அடங்குச்சுன்னா, பல்லை ரெண்டா வெட்டிப் பின்பாதியை எடுத்துடலாம். முன்பாதி தனியா நிக்கும். மேல் வலதுல பல்லு இருக்கறதால அந்தப் பக்கம் அவரு மெல்லலாம்."

போன எலும்பு திரும்ப வளராதா என்று ஓர்பா கேட்டாள். பதில் அவளுக்குத் தெரியும், இருந்தும் கேட்டாள். சில பேருக்குச் சில இடத்தில் எலும்புத் தூள் வைத்துப் பார்க்கலாம், இவர் இப்போதிருக்கிற நிலையில் பிடிக்காது என்றார் டாக்டர். பிறகு மேசாக்கைப் பார்த்துச் சொன்னார்.

"பாக்கு, புகையிலை ரெண்டும் கூடாது ஐயா. மூணு மாசம் கழிச்சுத் திரும்ப அளந்து பாப்பேன். அளவு குறைஞ்சிருந்தாத்தான் கத்தியை எடுப்பேன்."

மேசாக் சரி என்றான். வியாபாரத்தில் கை கொடுப்பது போல டாக்டருக்குக் கையும் கொடுத்தான்.

சொன்ன சொல்லைக் காப்பாற்றவும் செய்தான். மூன்று பல்லை எடுத்த புண் ஆறியதும், மாத்திரை, கஞ்சியில் அளவு, சாயங்கால நடை என்று எல்லாவற்றுக்கும் பணிந்தான். பல் சந்துக்குள் விடுகிற சின்னப் பிரஷ்ஷை ஓர்பா ஒருமுறைதான் காட்டினாள். அவன் தினமும் மாட்டுக்கொட்டகைத் தூணில் கண்ணாடியைச் செருகிவைத்து, நாக்கைத் துருத்திக்கொண்டு அரைமணி நேரம் குடைந்தான். அந்த மூன்று மாதம் இருவருக்குள்ளும் புதிதாக ஒரு நெருக்கம் இருந்தது. வாரக் கடைசியில் அவனாகவே வந்து வாயைத் திறந்தான். ஈறில் ரத்தம் குறைந்துவிட்டது என்று அவள் சொன்னால் சின்னப் பிள்ளை மாதிரி சந்தோஷப்பட்டான்.

சந்தையில்தான் கஷ்டம். யாராவது பையை நீட்டினால் ஒரு காயை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வான். முதல் இரண்டு வாரம் பொறுத்துக்கொண்டார்கள். பிறகு பெனு என்ற இன்னொரு தரகன் ஆரம்பித்துவைத்தான்.

"என்ன மேசாக், பல் சிஸ்டர் உன் வாய்க்குப் பூட்டுப் போட்டுட்டாங்களாமே. சாவி யாருகிட்ட?"

"சாவி கூப்பாங்ல இருக்கு. நீயும் வாயேன், உனக்கும் ஒரு பூட்டு மாட்டச் சொல்றேன்."

சிரித்துக்கொண்டே சொன்னாலும் வீட்டுக்கு வந்தால் சோர்ந்துபோய் உட்காருவான். பேச்சு முன்போல ஓடவில்லை என்றான். பாக்கு மெல்லும் நேரத்தில்தான் எதிராளியின் முகத்தைப் படிப்பானாம். இப்போது அந்த இடைவெளியில் வாயும் கையும் எங்கே இருப்பது என்று தெரியாமல் தவிக்கின்றன. மாடு விற்க வந்தவர்கள், இவன் நம்மோடு வெற்றிலை போட மாட்டேன் என்கிறான், மனதில் வேறு எதையோ வைத்திருக்கிறான் என்று பெனுவிடம் போனார்கள். ஓர்பா ஆறுதலாக ஏதேதோ சொன்னாள். தன் பேச்சு எவ்வளவு லேசாக இருக்கிறது என்று அவளுக்கே தெரிந்தது.

மூன்று மாதம் கழித்து டாக்டர் அளந்தார். சர்க்கரை நூற்றைம்பதுக்குப் பக்கம் வந்திருந்தது. முன்பு அளவுக் கம்பி ஈறுக்குள் ஏழு மில்லிமீட்டர் இறங்கிய இடத்தில் இப்போது ஐந்துதான் இறங்கியது. டாக்டர் முதல்முறையாகச் சிரித்தார். வேரைக் குடைந்து நரம்பை எடுத்து அடைத்துவிட்டு, அடுத்த வாரம் பல்லை வெட்ட நாள் குறித்தார். ஓர்பா பக்கத்தில் நிற்கலாம் என்றார்.

அவள் நின்றாள். ஈறைக் கீறி ஒதுக்கியதும் வேர்கள் வெளியே தெரிந்தன. பின்வேரைச் சுற்றி ஒன்றுமே இல்லை, கரையான் அரித்த கம்பம் மாதிரி வெறுமனே நின்றுகொண்டிருந்தது. இத்தனை நாள் எதைப் பிடித்துக்கொண்டு நின்றது என்று அவளுக்குப் புரியவில்லை. டாக்டர் பல்லை நடுவில் பிளந்து, பின்பாதியை நெம்பினார். சிரமமே இல்லாமல் வந்தது. முன்பாதி அசையவில்லை. டாக்டர் அதைக் கிடுக்கியால் தட்டிப் பார்த்து, ஓர்பாவையும் தட்டிப் பார்க்கச் சொன்னார். கல் மாதிரி நின்றது. வெட்டிய பாதியைக் காட்டச் சொல்லி மேசாக் கேட்டான். பஞ்சில் வைத்துக் காட்டினார்கள். பிறகு மேலே ஒரு கேப் போட்டு அனுப்பிவைத்தார்கள்.

ஒன்றரை மாதத்தில் அவன் புகைக்கறியைப் பொடிப்பொடியாக நறுக்கி, வலது பக்கம் வைத்து மென்றான். ஓர்பா எதிரே உட்கார்ந்து அவன் தாடை அசைவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். என்ன பார்க்கிறே, மனுஷன் தின்கிறதைப் பார்த்ததில்லையா என்றான். நர்ஸ் வேலையில் அவளுக்குக் கிடைத்த சந்தோஷத்தில் அதைவிடப் பெரிது எதுவும் இல்லை.

டெல்சிக்கு மாப்பிள்ளை அமைந்தது அந்தச் சமயத்தில்தான். அமனுபான் வட்டாரத்துப் பையன், பள்ளிக்கூட வாத்தியார். டெல்சியே பார்த்துப் பிடித்தது. பையனுடைய ஆட்கள் பெண் கேட்டு வருகிறோம் என்று சொல்லி அனுப்பினார்கள். வீட்டில் ஒரே பரபரப்பு. ஓர்பாவுக்கு மட்டும் உள்ளே வேறு ஒரு உறுத்தல். மாப்பிள்ளை வீட்டார் கொண்டுவரும் பெட்டியிலிருந்து பெண்ணின் அப்பா வெற்றிலைக் காயை எடுத்து வாயில் போட வேண்டும். பிறகு பெண் வீட்டுப் பெட்டியை அவன் நீட்ட, அவர்களோடு சேர்ந்து அவனும் எடுத்துப் போட வேண்டும். போட்டால்தான் பேச்சு ஏற்கப்பட்டதாக அர்த்தம்.

வாயில் தொட்டுவிட்டு எடுத்துவிடலாமே என்று அவள் மேசாக்கின் அண்ணன் யோனத்தானிடம் கேட்டுப் பார்த்தாள். அவர் கோபப்படவில்லை. நிதானமாகத்தான் சொன்னார்.

"துப்பிட்டான்னா அவங்க பேச்சைத் துப்பினதா ஆயிடும்மா. உன் பொண்ணு அந்த வீட்ல வாழணும்."

மேசாக் தன் பங்குக்கு, ஒரே ஒரு தடவைதான், அதிலென்ன மலை புரண்டுவிடப் போகிறது என்றான். ஒரு தடவையில் ஒன்றும் ஆகாது என்று ஓர்பாவுக்கும் தெரியும். ஒரு தடவையோடு நிற்குமா என்பதுதான் தெரியாது. ஆனாலும் பெண் வீட்டுப் பெட்டியை நிரப்ப வேண்டியவள் அவள்தான். இளசான காயாகப் பொறுக்கினாள், பாக்கை எவ்வளவு மெல்லிசாகச் சீவ முடியுமோ அவ்வளவு மெல்லிசாகச் சீவினாள், சுண்ணாம்பைக் குறைத்துவைத்தாள். வேறு என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை.

மாப்பிள்ளை வீட்டாருக்காகப் பேச வந்தவர் நின்றுகொண்டு முறைப்படி, செய்யுள் போல அடியடியாகப் பேசினார். கூட வந்தவர்கள் ஒவ்வொரு அடிக்கும் குரல் கொடுத்தார்கள். பெட்டியை நீட்டினார்கள். பெண்கள் பக்கமிருந்து ஓர்பா பார்த்துக்கொண்டிருந்தாள். மேசாக் காயைக் கடித்தான், பாக்கைப் போட்டான், சுண்ணாம்பை நாக்கில் தடவினான். மெல்ல ஆரம்பித்ததும் அவன் கண் தானாக மூடிக்கொண்டது. ஏழு மாதத்துக்குப் பிறகு தோள் தளர்ந்து, முகம் விரிந்து, பழைய மேசாக் வந்து உட்கார்ந்தான். அந்தப் பாதிப் பல் இருக்கிற வலது பக்கமாகத்தான் மென்றான். பேச்சு ஓடியது. மாப்பிள்ளையின் பெரியப்பாவை வயிறு வலிக்கச் சிரிக்கவைத்தான். இரண்டாவது காய் வந்தது, மூன்றாவது வந்தது. டெல்சி சந்தோஷத்தில் அம்மாவின் கையைப் பிடித்து நசுக்கினாள். ஓர்பாவும் சிரித்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த செவ்வாய்க்கிழமை சந்தைக்குக் கிளம்பியபோது அவன் தோளில் பை நிரம்பித் தொங்கியது. ஓர்பா வழியை மறித்துக் கேட்டாள். அவன் பையைத் தோளில் இழுத்துவிட்டுக்கொண்டு சொன்னான்.

"ஏழு மாசம் ஊமையா நின்னேன். ஊமைகிட்ட யாரு மாட்டைக் குடுப்பாங்க? நீ சொல்றதெல்லாம் சரிதான், டெல்சியம்மா. நான் சந்தைக்குப் போகணுமே."

வழியை விட்டாள். அதற்குப் பிறகு சண்டையும் போட்டுப் பார்த்தாள், பேசாமலும் இருந்து பார்த்தாள். சுண்ணாம்பு டப்பியை ஒளித்துவைத்தாள். அவன் வேறு வாங்கிக்கொண்டான். மாத்திரையை மட்டும் மறக்காமல் கையில் கொடுத்தாள். பிரஷ்ஷை ஞாபகப்படுத்தினால் கோபிக்காமல் போய்க் குடைந்துவிட்டு வந்தான், பத்து நிமிடம், பிறகு ஐந்து நிமிடம். அவனுக்கும் பயம் இருந்தது. பயத்தைவிடச் சந்தை பக்கத்தில் இருந்தது. கல்யாணம் நல்லபடி முடிந்தது. சர்க்கரை மறுபடி இருநூற்றைம்பதைத் தாண்டியது.

மழைக்காலத்தில் வலது கன்னம் வீங்கியது. மலைப்பாதை சரிந்து பஸ் ஓடாத வாரம் அது. ஓர்பா மாத்திரை வாங்கிக் கொடுத்தாள். வீக்கம் வற்றி, நாலு நாளில் திரும்ப வந்தது. பாதை திறந்ததும் கூப்பாங் போகலாம் என்றாள். அவன் உம் கொட்டினான்.

வியாழக்கிழமை காலையில் நிலையத்தில் சீட்டு எண்ணைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். ஒன்பது என்று கூப்பிட்டதும் உள்ளே வந்தது மேசாக். மற்ற நோயாளிகளோடு பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்திருந்திருக்கிறான். அவள் சொல்வதற்கு முன்பே நாற்காலியில் ஏறிப் படுத்து வாயைத் திறந்தான். கேப் போட்ட பாதிப் பல்லை அவள் விரலால் தொட்டாள். முன்னும் பின்னும் ஆடியது, அழுத்தினால் உள்ளே இறங்கியது.

"நீயே எடுத்துடு" என்றான்.

டாக்டர் ஒருமுறை பார்க்கட்டும் என்று அவள் சொன்னாள். அன்று வெட்டிய வேரை அவர்கள் காட்டினார்களே, இதுவும் இப்போது அப்படித்தான் இருக்கும், தரகன் கண்ணுக்குத் தெரியாதா என்றான். அவன் குரலில் கேலி இல்லை. முதல்முறையாக அவளை சிஸ்டர் என்று கூப்பிட்டு, வலிக்காமல் எடுக்கச் சொன்னான்.

மரத்துப்போகும் ஊசியைப் போட்டுவிட்டுக் காத்திருந்தாள். இடுக்கியில் பிடித்ததும், இழுக்கும் முன்பே பல் கையோடு வந்துவிட்டது. அன்று தட்டிப் பார்த்துக் கல் மாதிரி நின்ற அதே வேர்தான். அதைச் சுற்றியும் ஒன்றும் மிச்சமில்லை. அவள் அதைத் தட்டில் வைத்தாள். பஞ்சை வைத்துக் கடிக்கச் சொன்னாள். அவன் கடித்துக்கொண்டே எழுந்து, பஞ்சுக்கு நடுவே ஏதோ சொன்னான், புரியவில்லை. அவன் போன பிறகு கை கழுவப் போனவள் வெகுநேரம் குழாயடியிலேயே நின்றாள். பத்தாம் எண்காரர் எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்ப உட்கார்ந்துகொண்டார்.

சில வாரம் கழித்து டாக்டர் சுவாந்தேவி போன் செய்தார். ஆறுமாத அளவு எழுத வேண்டும், பாதிப் பல் எப்படி நிற்கிறது என்று கேட்டார். எடுத்துவிட்டேன் டாக்டர், என் கையாலேயே எடுத்தேன் என்றாள் ஓர்பா.  டாக்டர் யாரையும் குறை சொல்லாமல் பேசினார். தானும் இப்படி நிறையப் பேரிடம் தோற்றிருப்பதாகச் சொன்னார்; பாக்கி இருக்கிற இரண்டையாவது பார்த்துக்கொள்ளச் சொன்னார்.

பாக்கி இரண்டு. ஒன்று மேலே வலதில், ஒன்று கீழே இடதில். ஒன்றுக்கொன்று எதிரே வராதவை. இரண்டும் இருந்தும் அவனால் எதையும் மெல்ல முடியாது. கழற்றி மாட்டுகிற செட்டு செய்து கொடுத்தார்கள். குமட்டுகிறது என்று ஜன்னல் ஓரத்தில் வைத்துவிட்டான். கறியை ஓர்பா இடித்துப் போட்டாள். பாக்கையும் அவன் சின்ன உரலில் இடித்துத்தான் போட்டுக்கொண்டான். சந்தைக்குப் போவது மட்டும் நிற்கவில்லை. சிரிக்கும்போது கையால் வாயை மறைத்துக்கொள்ளும் பழக்கம் வந்திருந்தது.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை அவள் கொக்கியையும் அளவுக் கம்பியையும் எடுத்து வந்தால், மறுக்காமல் அடுக்களை வாசல் நாற்காலியில் உட்கார்ந்து வாயைத் திறப்பான். சந்திக்காத பல்லைக் காப்பாற்றி என்ன ஆகப்போகிறது என்று ஒருமுறை கேட்டான். செட்டு மாட்டுவதற்குப் பிடிமானம் வேண்டுமே என்றாள். நான்தான் செட்டு மாட்டுவதில்லையே என்றான். மாட்டுவீங்க என்றாள்.

போன முறை கீழ் இடதில் கம்பி நான்கு மில்லிமீட்டர் இறங்கியது. இந்த முறை ஐந்து இறங்கியது. கொக்கி முட்டுகிற இடமும் கொஞ்சம் உள்ளே தள்ளிப் போயிருந்தது. அவள் மறுபடி ஒருமுறை வைத்துப் பார்த்தாள்.

"எவ்வளவு?" என்று கேட்டான்.

"அஞ்சு."

அவன் வாயை மூடினான். தண்ணீர் வாங்கிக் கொப்பளித்துவிட்டு, கன்றுக்குப் புல் போடணும் என்று சொல்லி எழுந்து கொட்டகைப் பக்கம் போனான். ஓர்பா குறிப்பேட்டில் தேதியைப் போட்டு ஐந்து என்று எழுதினாள்.